மறு: ஃபேன் ஆர்ட்டுக்குத் தமிழில் ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகர் அண்ணன், காண்ட்ரா என்ற பழைய வீடியோ கேமை வரைந்து இங்கே போட்ட படத்தில் தொடங்கிய பேச்சு இது. படத்தைப் பற்றி வந்த மடல்களைவிட, பிடித்த விளையாட்டையோ கதையையோ அதன் மேலுள்ள அன்பில் வரையும் அந்த வகைப் படத்துக்கு, அதாவது ஃபேன் ஆர்ட்டுக்கு, தமிழில் என்ன பெயர் என்று கேட்டு வந்த மடல்கள் கூடிவிட்டன. எனக்கு மகிழ்ச்சிதான். எங்களுக்கு இந்தச் சொல் இப்போது அவசரமாக வேண்டும். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தரும் நாங்கள் சிலர், தமிழில் ஒரு சிறிய கையேடு எழுதி வருகிறோம். சின்ன வயதில் ஆடிய வீடியோ கேமை நினைவிலிருந்து வரைவது எப்படி என்று அதில் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகள் பேச்சில் ஃபேன் ஆர்ட் என்றுதான் சொல்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். பாடமாக எழுதும்போது அந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. வரைந்தவர், வரைந்த படம், அதே வழியில் எழுதிய கதை, அவர்கள் கூடும் வட்டம் என்று ஒரு குடும்பமே தேவைப்படுகிறது. வேர் ஒன்றாக இருந்தால்தான் படிக்கிற பிள்ளைக்குத் தொடர்பு தெரியும்.

இதுவரை வந்த முன்மொழிவுகளில், ஃபேன் என்பதை நேரே மொழிபெயர்த்த விசிறிக் கலையை முதலில் ஒதுக்கிவிடலாம். பத்திரிகைக் கேள்வி பதில்களில் ‘நான் உங்கள் விசிறி’ என்று எழுதும் வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் விசிறியின் மேலேயே வரையும் ஓவியம் என்று ஒன்று இருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் அது நூற்றாண்டுகளாக நடந்துவரும் பெரிய மரபு. விசிறி ஓவியம் என்ற பெயர் அதற்கு உரியது, நாம் பறிக்க வேண்டாம்.

ரசிகர் ஓவியம் என்பதை அப்படி எளிதில் தள்ள முடியாது. கேட்டவுடன் புரிகிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருந்தும் எனக்கு இரண்டு தயக்கங்கள். ரசிகர் என்றதும் தமிழில் மன்றம் வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் படம் வெளியாகும் நாளில் தியேட்டர் வாசலில் நிற்கும் கட்அவுட்டும், சுவரில் தீட்டும் முகமும் ரசிகர் ஓவியங்கள்தான். அந்தப் பெயர் அவற்றுக்கு மிகப் பொருத்தமாகவே இருக்கிறது. இரண்டாவது தயக்கம் இன்னும் ஆழமானது. ரசிகர் மேடைக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பவர். வீடியோ கேம் ஆடியவர் அப்படி எதிரே உட்காரவில்லை. பொத்தானை அழுத்தியதும் குதித்தது நாம்தான். குழிக்குள் விழுந்தால் ‘செத்துட்டேன்டா’ என்று கத்தினோம். ‘அவன் செத்துட்டான்’ என்று யாரும் சொன்னதில்லை.

சொல்லைப் பற்றி மேலே பேசும் முன், இந்தப் படங்களை வரையும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இழையில் அது இன்னும் பேசப்படவில்லை.

90களில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை. அந்தக் கருவியின் திரை 256க்கு 240 புள்ளி (பிக்சல்). நகரும் உருவங்களை 8க்கு 8 அல்லது 8க்கு 16 புள்ளித் துண்டுகளாகத்தான் அமைக்க முடியும், ஒரு துண்டில் மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் காளான் சாப்பிடாத சின்ன மரியோ 16க்கு 16 சதுரத்துக்குள் அடங்கிவிடுவான். அவனுடைய தொப்பிக்கும் மீசைக்கும் காரணமே இந்த நெருக்கடிதான். 1981இல் டாங்கி காங் விளையாட்டுக்காக அவனை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ, தலைமுடியைப் புள்ளிகளில் காட்டுவது கடினம் என்று தொப்பி வைத்தார். மூக்கு தனியாகத் தெரிய மீசை வைத்தார்.

எங்கள் வகுப்பில் இந்த மரியோவைத்தான் முதலில் கொடுப்போம். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக நிரப்பும்வரை யாருக்கும் சிக்கல் இல்லை. அடுத்த பக்கத்தில் கட்டம் இல்லாமல் அதையே பெரிதாக வரையச் சொன்னால் கேள்விகள் கிளம்பும். ஏனென்றால் அந்தச் சின்ன உருவத்தில் தலைமுடி, மீசை, கண், சட்டை, ஷூ எல்லாமே ஒரே பழுப்பு நிறம். எது எங்கே முடிகிறது என்று படம் சொல்வதில்லை, வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விளையாட்டில் மேகமும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும்தான் வேறு. வெள்ளையாக மேலே இருந்தால் மேகம், பச்சையாகக் கீழே இருந்தால் புதர். இதைச் சொன்னதும் ஒரு சிறுமி, அப்படியானால் புதரை நான் முந்திரிச் செடியாகப் போடலாமா என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கு ஊர் பண்ருட்டிப் பக்கம். போடலாம் என்றோம், போட்டாள். எனக்கு அந்தப் பாடத்தின் மையமே அவளுடைய அந்தக் கேள்விதான்.

அண்ணன் படத்துக்கு வருகிறேன். ஃபேமிகாமுக்கு 1988இல் வந்த காண்ட்ராவில் இரண்டு வீரர்கள், ஒருவனுக்கு நீலக் கால்சட்டை, இன்னொருவனுக்குச் சிவப்பு. திரையில் அவர்களுக்கு முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, தோல் நிறத்தில் சில புள்ளிகள்தான். அசல் பெட்டியின் அட்டையில் முகம் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது பல விளையாட்டுகள் சேர்ந்த கேசட், அதில் அந்த அட்டை ஏது? ஆகவே அண்ணன் முகங்களைத் தானே கொடுத்திருக்கிறார். சிவப்புக் கால்சட்டைக்காரனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய தன் தம்பியின் முகம். விளையாட்டின் முதல் கட்டத்தில் (லெவலில்) நாம் ஓட ஓடப் பின்னால் வெடித்துக்கொண்டே வரும் பாலத்தைக் கெடிலம் ஆற்றுப் பாலமாக்கிவிட்டார். பின்னணிக் காட்டைத் தேவனாம்பட்டினம் சவுக்குத் தோப்பாக மாற்றியிருக்கிறார். கட்டத்தின் கடைசியில் சுட்டுத் தகர்க்க வேண்டிய மதில், 1758இல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்த புனித டேவிட் கோட்டையின் மிச்சச் சுவர் போலவே நிற்கிறது. நிறங்களோ விளையாட்டின் நிறங்களேதான், ஒவ்வோர் உருவத்துக்கும் மூன்றுக்கு மேல் அவர் போகவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைத் தானாகவே ஏற்றுக்கொண்டதில்தான் படம் உயர்கிறது என்பேன். முகமும் ஊரும் அவருடையவையாக இருந்தும் பார்த்த நொடியில் காண்ட்ரா என்று தெரிவது அதனால்தான்.

இதனால்தான் நகல் ஓவியம், படியோவியம் என்று வந்த முன்மொழிவுகளை நான் ஏற்கவில்லை. பழைய விளையாட்டுகளில் நகலெடுக்க அதிகம் இல்லை. அவை விட்டுவைத்த இடத்தை ஆடியவரின் நினைவு நிரப்புகிறது, அந்த நிரப்பலைத்தான் நாம் பார்த்து வியக்கிறோம். தழுவல் ஓவியம் இன்னும் கொஞ்சம் அருகே வருகிறது, அணைத்துக்கொள்வது என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஆனால் நாவலிலிருந்து நாடகம், வெளிநாட்டுக் கதையிலிருந்து திரைக்கதை என்று முழுப் படைப்பையே வேறு வடிவுக்குக் கொண்டுபோவதற்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. ஒற்றைக் காட்சியை வரைந்த பிள்ளையிடம் தழுவல் என்றால் சுமை கூடிவிடும்.

பேராசிரியர் அய்யா சொன்ன சார்போவியம் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நன்னூல் சொல்லும் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பகுப்பிலிருந்து அதை எடுத்திருக்கிறார். முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், தேவையான வேறுபாடுகளை மட்டும் சேர்ப்பது வழிநூல். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டித் தொடங்கிப் பிறகு வேறாகத் திரிந்து போவது சார்புநூல், அதற்குப் புடைநூல் என்றும் பெயர். அண்ணன் படம் இரண்டாவது வகையில் கச்சிதமாகப் பொருந்துகிறது. அய்யா, இதைவிடத் துல்லியமாக அந்த உறவைச் சொல்ல முடியாது. பதிப்புரிமை பற்றி எழுதும்போது, ஒரு படைப்பிலிருந்து கிளைக்கும் எல்லாவற்றுக்கும் சார்புப் படைப்பு என்ற பொதுச்சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். விளம்பர நிறுவனம் உரிமம் வாங்கி வரைந்தாலும் அது சார்புப் படைப்புதான். நாம் பேசும் படத்துக்கு அது போதவில்லை. காசுக்கோ கட்டளைக்கோ வரையாமல், ஆடிய காலத்தின் மேல் உள்ள அன்பில் வரைந்தது என்ற செய்தி அதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சார்பு என்றால் கணக்குப் பாடமும் நினைவுக்கு வரும்.

காரைக்கால் அக்கா நேயர் ஓவியம் என்றார். வானொலி நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த வீடுகளில் அந்தச் சொல் இன்றும் இனிமையாக ஒலிக்கிறது. ரசிகரிடம் எனக்கிருந்த தயக்கம் இங்கேயும் உண்டு, நேயரும் கேட்பவர்தான். ஆனால் அக்கா, அந்தச் சொல்லிலிருந்து ஆளை எடுத்துவிட்டு உணர்வை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? நேயம். அன்பு, பற்று, நெருக்கம். இங்கிருந்துதான் என் முன்மொழிவு.

தனித்தனிப் படத்துக்கு நேயப்படம். கலை வகைக்கு நேயக்கலை. கதையாக எழுதினால் நேயக்கதை. செய்பவர் நேயர் என்றே இருக்கலாம், கேட்பவர் என்ற பழைய பொருளோடு செய்பவர் என்பதும் சேரட்டும். அவர்கள் கூடுமிடம் நேயர் வட்டம். காண்ட்ரா நேயப்படம், மரியோ நேயப்படம் என்று எதோடும் ஒட்டிப் போகிறது.

ஓவியம் என்பதைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. மார்கழியில் லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் பேக்மேன் பேய்களைப் புள்ளிக் கோலமாகப் போட்டிருந்தார்கள். 1980இல் வந்த அந்த விளையாட்டின் உருவங்களும் புள்ளிகளில் பிறந்தவைதானே, கோலத்தில் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருந்தன. களிமண்ணில் செய்பவர்கள் இருக்கிறார்கள், கம்பளி நூலில் பின்னுபவர்களும் இருக்கிறார்கள். ஓவியம் என்று சொன்னால் இவர்கள் எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். நேயக்கலை அனைவரையும் உள்ளே விடும்.

வரப்போகும் மறுப்புகளில் இரண்டை இப்போதே எடுத்துக்கொள்கிறேன். நேயம் வடசொல் என்று சிலர் சொல்வார்கள், நெய் என்ற தமிழ் வேரைச் சிலர் காட்டுவார்கள். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் மனிதநேயம் என்று நாள்தோறும் எழுதும் மொழிக்கு நேயம் அந்நியமில்லை. ரசிகர் என்பதை விட்டதும் அது வடசொல் என்பதற்காக இல்லை என்பதை மேலே படித்தவர்கள் அறிவார்கள். அப்புறம், நேயப்படம் என்று தனியாகக் கேட்டால் மனிதநேயம் பற்றிய படம் என்று நினைத்துவிட மாட்டார்களா என்பது. முதல் சில தடவை நினைக்கலாம். விளையாட்டின் பெயரோடு சேர்த்தே எழுதிவந்தால் அந்தக் குழப்பம் வர இடமில்லை. கையேட்டில் சொல் முதலில் வரும் இடத்தில், ஃபேன் ஆர்ட் என்று நாம் சொல்லும் நேயப்படம் என்று ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் தொடரப் போகிறோம்.

கேலிக்காக வரைவதை இதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்க வேண்டாம், அதற்குப் பகடிப்படம் இருக்கிறது.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது ஒன்றுதான். ஆர்வலர்கள் தாங்களே நிரல் எழுதி, பழைய விளையாட்டின் உலகத்தில் புதுக் கட்டங்கள் அமைக்கிறார்கள். அதை என்னவென்று சொல்வது? நேய ஆட்டம் என்று பிரித்து எழுதினால் சரி, சேர்த்துச் சொன்னால் நேயவாட்டம் ஆகி, காதில் வாட்டம் விழுகிறது. நேய விளையாட்டு நீளமாக இருக்கிறது. மூன்று நான்கு எழுத்தில் யாராவது சொல்லுங்கள். அண்ணா, உங்கள் படத்தைக் கையேட்டில் போட அனுமதியும் வேண்டும். வண்ணத்தில் அச்சிடவே முயல்கிறோம். படத்தின் கீழே தம்பி பெயரையும் போடலாமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து