இயான் புயல்: டாம்பாவிலிருந்து, திங்கள் இரவு (26.9.2022)

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

காலையிலிருந்து ஆளாளுக்கு போன். அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். புளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பாவில், நாங்கள் நலம். புயல் இன்று ராத்திரி கியூபாவின் மேற்கு முனையைக் கடக்கும், அப்புறம் புளோரிடா என்கிறார்கள். புளோரிடாவில் எங்கே என்பதுதான் தெரியவில்லை.

"அமெரிக்காக்காரனுக்குமா தெரியாது?" என்று துபாய் மாமா கேட்டிருந்தார். மாமா, நம் பக்கம் புயல் கிழக்கிலிருந்து வந்து கரையை நேருக்கு நேர் முட்டும். இங்கே தெற்கிலிருந்து கரையை ஒட்டியே மேலே ஏறுகிறது. வேலியோரமாக வருகிற மாடு தலையை லேசாகத் திருப்பினால் போதும், நுழைகிற கொல்லை மாறிவிடும். 2004-ல் சார்லி புயல் டாம்பாவுக்கு என்றுதான் சொன்னார்கள். கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பி, தெற்கே புன்டா கோர்டாவை அடித்தது.

எங்களுக்கு வடக்கே கரையேறினால் காற்று கடல் தண்ணீரை ஊரை ஒட்டிய டாம்பா வளைகுடாவுக்குள் தள்ளும். 5 முதல் 10 அடி வரை ஏறலாம் என்று எச்சரிக்கை. தெற்கே கரையேறினால் நிலக்காற்று தண்ணீரை வெளியே இழுத்துவிடும். 2017-ல் இர்மா வந்தபோது அப்படித்தான் வளைகுடாவின் தரை தெரிந்தது. ஆட்கள் இறங்கி நடந்தார்கள். வடக்கா தெற்கா என்று தெரியாததால், மழையைவிட இந்தக் கடல் தண்ணீர்தான் பயம்.

கடல் தண்ணீர் முதலில் ஏறக்கூடிய ‘ஏ’ மண்டலத்தை இன்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ‘சி’. பள்ளிக்கூடம் லீவு. ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று, காருக்கு பெட்ரோல் போட்டாயிற்று, பாஸ்போர்ட் எல்லாம் பிளாஸ்டிக் பையில். கறிவேப்பிலைத் தொட்டி மூன்றும் கார் ஷெட்டுக்குள் வந்துவிட்டன (மனைவி முதலில் எடுத்து வைத்தது அதைத்தான்). புளியோதரை கிளறி வைத்திருக்கிறோம். அம்மா போனில், "கஜாவுக்கு அப்புறம் கரண்டு எத்தனை நாள் வரல, மறந்துட்டியா? இருக்குற பாத்திரத்துல எல்லாம் தண்ணி புடிச்சு வை" என்றார். குளியல் தொட்டியையும் நிரப்பிவிட்டேன்.

போர்ட் மையர்ஸில் இருக்கும் நம் கீழத்தெருத் தம்பி, "இங்க வந்துடுங்கண்ணே, நாங்க கூம்புக்கு ஓரத்துலதான் இருக்கோம்" என்கிறான். டிவியில் காட்டுகிற அந்தக் கூம்பு புயலின் மையம் எங்கே போகலாம் என்பதற்கு மட்டும்தான். அதிலும் மூன்றில் ஒரு தடவை மையம் வெளியே போய்விடும். காற்றும் தண்ணீரும் எதுவரை வரும் என்று அது சொல்லாது. தெற்கே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தம்பி, நீயும் இதைப் படித்தால், உன் வீடு கால்வாய் ஓரம் என்பதை மறக்காதே. மேடான இடமாகப் பார்த்துப் போய்விடு.

சிங்கப்பூர் அண்ணன் ஒரு உதவி செய்ய வேண்டும். புதன்கிழமைக்குப் பிறகு என் போன் கிடைக்கவில்லை என்றால் டவர் போயிருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பதினோரு மணி புயல் அறிக்கை வந்ததும் மறுபடி எழுதுகிறேன்.