முட்டிக்கு ஜெல் ஊசியோட வேற மருந்தும் சேர்த்துப் போட்டவங்க இருக்கீங்களா?

மஞ்சக்குப்பம் மகள்

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், சுகரும் உண்டு. மாத்திரை, பிசியோ எதுக்கும் கேட்கல. பாண்டியில ஒரு இடத்துல ஜெல் ஊசிக்கு, அதாவது மூட்டுக்குள்ள வழவழப்புக்காகப் போடறதுக்குப் போனோம். டாக்டர் ரெண்டு சிரிஞ்சு எடுத்தார். பெரிசுல தெளிவா, கெட்டியா ஜெல். சின்னதுல பால் மாதிரி வெள்ளையா ஏதோ மருந்து. அது என்ன சார்னு கேட்டேன். "சீக்கிரம் வலி குறையறதுக்கும்மா"ன்னார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில அம்மா யார் கையையும் பிடிக்காம எழுந்து நடந்தாங்க. சாயங்காலம் நாக்கு வறண்டுபோய் தண்ணி தண்ணின்னு கேட்க ஆரம்பிச்சாங்க. சுகர் மெஷின்ல 387. பயந்துபோய் போன் பண்ணா நர்ஸ் சொல்றாங்க, "ஸ்டீராய்டு சேர்த்திருக்கோம்ல, ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும்." அந்த "சேர்த்திருக்கோம்ல"தான் இன்னும் காதுல நிக்குது. எங்ககிட்ட எப்பங்க சொன்னீங்க?

சுகர் டாக்டர் மருந்தை மாத்திக் கொடுத்து, அந்த வாரத்துக்குள்ள இறங்கிடுச்சு. வலியும் குறைஞ்சிருக்கு. எனக்குக் கோபம் ஊசி மேல இல்ல, சொல்லாம போட்டதுலதான்.

லாஸ்பேட்டை 76

எங்க அப்பாவுக்கு வெறும் ஜெல் மட்டும்தான், வாரத்துக்கு ஒண்ணா மூணு போடறது. ரெண்டாவது போட்ட மறுநாள் முட்டி வீங்கி கொதிக்குது. லுங்கி உரசினாலே கத்தறார். எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடினோம். முட்டியில இருந்து நீர் எடுத்தாங்க, மஞ்சளா கலங்கலா வந்துச்சு. சீழோன்னு கல்ச்சருக்கு அனுப்பிட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல யாரும் சரியா சாப்பிடல. கிருமி எதுவும் இல்ல, அந்த ஜெல்லையே உடம்பு ஏத்துக்கலன்னாங்க. கோழி, முட்டை அலர்ஜி உண்டான்னு அப்பதான் கேட்டாங்க. சேவல் கொண்டையில இருந்து எடுக்கற ஜெல்லும் இருக்காம்.

கடைசியில வீக்கத்தை அடக்கினது ஸ்டீராய்டு ஊசிதான். அதனால சிஸ்டர், ஸ்டீராய்டை விஷம்னு சொல்லாதீங்க.

கோரிமேடு வாசி

லாஸ்பேட்டை சார், அவங்க விஷம்னு எங்க சொன்னாங்க? திரும்பப் படிங்க. சொல்லாம போட்டாங்கன்னுதான் எழுதியிருக்காங்க, அது நியாயமான கோபம்.

எங்க பெரியம்மா விஷயம் வேற. முட்டி மாத்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி, அட்மிஷனுக்குப் பையோட போய் உட்கார்ந்துட்டோம். "கடைசியா முட்டியில ஊசி எப்ப போட்டீங்க?"ன்னார் சர்ஜன். போன மாசம்னோம். ஃபைலை மூடி வெச்சுட்டார். ஊசி போட்டு மூணு மாசமாவது ஆகணும், இல்லன்னா உள்ள கிருமி பிடிக்கற ஆபத்து அதிகம்னு திருப்பி அனுப்பிட்டார்.

இதைப் படிக்கறவங்களுக்காக இன்னும் கொஞ்சம். ஸ்டீராய்டு ஓரிரு நாள்ல வேலை காட்டும், சில வாரத்துல ஓஞ்சிடும். ஜெல் மெதுவா, சில வாரம் கழிச்சுதான் பிடிக்கும். வேலை செஞ்சா ஆறு மாசம் வரைக்கும் தாங்கும். ரெண்டையும் சேர்த்துப் போடறது அந்த இடைவெளியை நிரப்பத்தான், அதுல தப்பில்ல. ஆனா ஸ்டீராய்டை அடிக்கடி போடக் கூடாது. 2017ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல 12 வாரத்துக்கு ஒரு தடவைன்னு ரெண்டு வருஷம் போட்டுப் பார்த்தாங்க. உப்புத் தண்ணி ஊசி போட்டவங்களைவிட குருத்தெலும்பு அதிகமா தேஞ்சது, வலியிலயும் பெரிய வித்தியாசம் இல்ல. ஜெல்லையும் பெரிசா நம்பிடாதீங்க. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் 2021 வழிகாட்டுதல்லயே முட்டித் தேய்மானத்துக்கு இதை வழக்கமா போட வேணாம்னு சொல்லியிருக்கு. இங்க பல பேருக்கு கேட்கவும் செய்யுது, அதையும் மறுக்கல.

ஊசிக்கு முன்னாடி எல்லா மாத்திரைச் சீட்டையும் மேஜையில வைங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டா கட்டாயம் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. ஊசி போட்டும் வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கித் தினமும் போடாதீங்க, சுகர், பிபி இருக்கறவங்களுக்கு கிட்னிதான் அடி வாங்கும். தொடைச் சதைக்கான பயிற்சியை ஒருநாளும் விடாதீங்க.

நெல்லிக்குப்பம் தியேட்டர் டெக்னீஷியன்

ஸ்டீராய்டு பத்தியே பேசறீங்க. சுத்தம் பண்ற மருந்தைப் பத்தி யாரும் பேசல. ஒரு தடவை புதுசா சேர்ந்த பையன் முட்டியைத் துடைக்க ஒரு பாட்டிலை எடுத்தான். எங்க சீனியர் சிஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. அதுல பென்சால்கோனியம் குளோரைடுங்கற கிருமிநாசினி இருந்துச்சு. அது பட்டா ஜெல்லுல இருக்கற ஹையலூரோனிக் அமிலம் திரிஞ்சுடும். ஜெல் பெட்டிக்குள்ள வர்ற சீட்டுலயே அச்சடிச்சிருக்கு. அதுக்கப்புறம் துடைக்கற பாட்டில் லேபிளைப் படிக்காம நான் தொடறதில்ல.

மஞ்சக்குப்பம் மகள்

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு அடுத்த முட்டிக்கும் போடணும். இந்தத் தடவை என்ன மருந்து, எத்தனை மில்லின்னு சீட்டுல எழுதித் தரச் சொல்லிட்டேன், சரின்னுட்டாங்க. சுகர் டாக்டர்கிட்டயும் முன்கூட்டியே தேதி சொல்லியாச்சு. கோரிமேடு, அந்த மூணு மாசக் கணக்கு வெறும் ஜெல் போட்டாலும் உண்டா?

கோரிமேடு வாசி

எங்க சர்ஜன் ரெண்டுக்கும் ஒரே கணக்குதான்னார். ஆபரேஷன் யோசனை இருந்தா ஊசிக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.