529-லிருந்து 469-க்கு இறக்கிவிட்டார்கள், மின்கார் லீஸில் கையெழுத்துப் போடலாமா?

மின்கார்_புதுசு:

வணக்கம். முதல்முறையாக மின்சாரக் கார் எடுக்கிறேன், அதுவும் லீஸில் (மாதத் தவணை கட்டி ஓட்டிவிட்டு, கடைசியில் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது). சொந்தமாக வாங்கினால் மூன்று வருடத்தில் புது மாடல் வந்து இதை யாரும் சீண்டமாட்டார்கள் என்று வீட்டில் பயம், அதனால் லீஸ் என்பது முடிவாகிவிட்டது. நேற்று ஷோரூமில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டியின் பட்டியல் விலை 30,000 (எந்த நாட்டுப் பணம் என்று கேட்காதீர்கள், விகிதம்தான் விஷயம்). முதலில் நீட்டிய தாளில் மாதத் தவணை 529. நான் முகத்தைச் சுளித்ததும் "மாதம் எவ்வளவு என்றால் உங்களுக்குக் கட்டும்?" என்று விற்பனையாளர் கேட்டார். 470-க்குள் என்றேன். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் பத்து நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். 469! முன்பணம் ஒரு காசு வேண்டாமாம்.

வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் வரம்பு. முதல் தாளில் எஞ்சிய மதிப்பு 50%, இரண்டாவதில் 42% என்று இருக்கிறது, அது ஏன் மாறியது என்று புரியவில்லை. மற்றபடி எல்லாம் அதேதான். நாளை மாலை கையெழுத்து. பேரம் நன்றாகப் படிந்திருக்கிறதா, இன்னும் இழுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:

கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். இரண்டாவது தாளில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மின்கார்_புதுசு:

48. முதல் தாளில் 36. ஐயோ.

கணக்குப்பிள்ளை:

நினைத்தேன். உங்களுக்கு ஒரு பைசா குறைக்கவில்லை, கயிற்றை நீளமாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பொறுமையாகப் படியுங்கள், இந்தக் கணக்கு ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் எந்த ஷோரூமிலும் யாரும் உங்கள் தலையில் எதையும் கட்ட முடியாது.

லீஸ் தவணையில் இரண்டே துண்டுகள். முதலாவது தேய்மானம்: வண்டியின் விலையிலிருந்து, திருப்பிக் கொடுக்கும் நாளில் அதற்கு இருக்கும் என்று லீஸ் கம்பெனி முன்கூட்டியே எழுதி வைக்கும் எஞ்சிய மதிப்பைக் கழித்து, மாதங்களால் வகுப்பது. 30,000-க்கு 50% என்றால் 15,000 போகிறது, 36 ஆல் வகுத்தால் 416.67. இரண்டாவது வட்டி. சில இடங்களில் வட்டியை வட்டி என்று சொல்லாமல் மணி ஃபாக்டர் என்று 0.0025 மாதிரி ஒரு குட்டி எண்ணைக் காட்டுவார்கள், பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், அதை 2400 ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி, அதாவது 6%. விலையையும் எஞ்சிய மதிப்பையும் கூட்டி (30,000 + 15,000) 0.0025 ஆல் பெருக்கினால் மாத வட்டி 112.50. ஏன் கூட்ட வேண்டும் என்று குழம்பாதீர்கள், இரண்டின் சராசரிதான் நீங்கள் வட்டி கட்டும் தொகை, அந்தப் பாதியும் பன்னிரண்டு மாதமும் சதவீதத்தின் நூறும் சேர்ந்துதான் 2400 ஆகிறது. ஆக 416.67 + 112.50 = 529. உங்கள் முதல் தாள்.

இப்போது இரண்டாவது தாள். நான்கு வருடம் ஓடிய வண்டி என்பதால் எஞ்சிய மதிப்பு 42%, அதாவது 12,600. தேய்மானம் 17,400, வகுத்தல் 48, 362.50. வட்டி 42,600 × 0.0025 = 106.50. கூட்டினால் 469. அதே 30,000, அதே 6%. உங்கள் மேனேஜர் பத்து நிமிடத்தில் செய்தது இவ்வளவுதான்.

அதே 36 மாதத்துக்கு வண்டி விலையில் 2,000 குறைக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? எஞ்சிய மதிப்பு பட்டியல் விலையை வைத்துத்தான் போடப்படும், அது 15,000-லேயே நிற்கும். தேய்மானம் 13,000, மாதம் 361. வட்டி 107.50. மொத்தம் 468.61. அதே தவணைதான், ஆனால் ஒரு வருடம் முன்னாலேயே கை கழுவலாம். மாதத் தவணையைப் பேரம் பேசுகிறவனிடம் எதை வேண்டுமானாலும் மாற்றி அந்த எண்ணை வரவைத்துவிடலாம். பேச வேண்டியது வண்டி விலையை.

மின்கார்_புதுசு:

தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. எஞ்சிய மதிப்பை உயர்த்திக் கேட்கலாமா? அதை உயர்த்தினால் தவணை குறையுமே?

கணக்குப்பிள்ளை:

குறையும். ஆனால் அதை ஷோரூம்காரர் மாற்ற முடியாது, லீஸ் கம்பெனி வைத்ததுதான். நீங்கள் செய்யக்கூடியது வேறு: ஒரே விலையில் இரண்டு மாடல் மனதில் இருந்தால் எஞ்சிய மதிப்பு அதிகம் உள்ளதை எடுங்கள். அதே 30,000-க்கு 60% வைத்திருக்கும் வண்டி பேரமே பேசாமல் 453-க்கு வந்துவிடும், நீங்கள் மல்லுக்கட்டி 2,000 குறைத்த வண்டியைவிட மலிவு. கடைசியில் அந்த வண்டியை நீங்களே வாங்கிக்கொள்ள நினைத்தால் மட்டும் இது எதிராகத் திரும்பும், அப்போது 18,000 கொடுக்க வேண்டும்.

பழைய_சேல்ஸ்:

எட்டு வருடம் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று போவோமே, பாதி நாள் அங்கே மேனேஜரே இருக்கமாட்டார், ஃபோனை நோண்டிவிட்டு வருவோம். "மாதம் எவ்வளவு கட்டும்?" என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாதீர்கள். "முதலில் வண்டி விலையை முடிப்போம், லீஸா கடனா என்பதை அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கணக்குப்பிள்ளை எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த 6% லீஸ் கம்பெனி வைத்த வட்டியாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. பல இடங்களில் கம்பெனி கொடுக்கும் அடிப்படை வட்டிக்கு மேல் ஷோரூம் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டு, அந்த வித்தியாசம் அவர்களுக்கு. "இது அடிப்படை வட்டியா, மேலே ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டாலே பாதி இறங்கும்.

மின்காருக்கென்று இருக்கிற விஷயம் மானியம். சில நாடுகளில் ஊக்கத்தொகை வண்டியின் உரிமையாளருக்குத்தான் போகும், லீஸில் உரிமையாளர் நீங்கள் இல்லை. அமெரிக்காவில் 2025 செப்டம்பர் 30 வரை இருந்த வரிச்சலுகை இப்படித்தான், லீஸ் வண்டி என்றால் லீஸ் கம்பெனிக்குத்தான் கிடைத்தது, அதில் எவ்வளவை வாடிக்கையாளருக்கு இறக்கிக் கொடுப்பது என்பது அவர்கள் இஷ்டம். ஆகவே உங்கள் ஊரில் எந்தச் சலுகை இருந்தாலும் அது ஒப்பந்தத்தில் தனி வரியாக, வண்டி விலையிலிருந்து கழித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். சும்மா "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்றால் விடாதீர்கள்.

நேரமும் பாருங்கள். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி நல்லது, அதைவிட நல்லது மாடல் மாறப்போகும் சமயம். மின்காரில் அடுத்த மாடலுக்கு ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கூடப்போகிறது என்று செய்தி வந்துவிட்டால் போதும், கிடங்கில் நிற்கிற பழைய மாடல் எங்களுக்கு வயிற்றில் கல் மாதிரி.

ஓரமா_நிக்கிறேன்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், லீஸ் என்றாலே நஷ்டம்தானே? மூன்று வருடம் கட்டிவிட்டு வெறுங்கையோடு வருவதற்கு, கடனில் வாங்கினால் வண்டியாவது மிஞ்சும்.

மூணாவது_வண்டி:

பெட்ரோல் வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்வேன் சகோ. மின்காரில் மிஞ்சுகிற வண்டியின் மதிப்பு என்ன என்பதுதான் கேள்வி. 2023 ஜனவரியில் டெஸ்லா புது வண்டி விலையைத் திடீரென்று வெட்டியது, அதற்கு முந்தைய மாதம் முழு விலை கொடுத்து வாங்கியவனின் வண்டி மதிப்பும் கூடவே இறங்கியது. பின்னாலேயே 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் வாடகைக் கம்பெனி சுமார் 20,000 மின்கார்களை விற்கப்போவதாக அறிவித்தது, பழைய மின்கார் சந்தையில் இப்படிக் குவிந்தால் விலை இன்னும் இறங்கத்தானே செய்யும். லீஸில் இருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம், அடி லீஸ் கம்பெனிக்கு. 50% என்று எழுதிய வண்டி மூன்று வருடம் கழித்துச் சந்தையில் 35%-க்குப் போனால் அது அவர்கள் தலைவலி. மாறாக 60%-க்குப் போனால், கடைசியில் வாங்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், 50%-க்கு வாங்கி லாபம் பார்க்கலாம். சில கம்பெனிகள் அந்த உரிமையைத் தருவதில்லை, அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கார்_புதுசு, இது உங்களுக்கு. இரண்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவதை ஓட்டுகிறேன். முன்பணம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதைப் பெரிய சலுகையாக நினைக்காதீர்கள், அவர்கள் கேட்டாலும் நீங்கள் கொடுக்கக் கூடாது. பெரிய தொகையை முன்னாலேயே கட்டி, இரண்டாம் மாதம் வண்டி திருட்டுப்போனாலோ விபத்தில் நொறுங்கினாலோ இன்சூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போகும், உங்கள் முன்பணம் போனது போனதுதான். பேட்டரிக்கு அடி என்றால் வெளியே லேசான சேதமாகத் தெரிந்தாலும் இன்சூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று எழுதிவிடுவது உண்டு. அப்போது வண்டியின் சந்தை மதிப்புக்கும் லீஸில் பாக்கி இருப்பதற்கும் நடுவில் பள்ளம் விழும், மின்காரில் மதிப்பு வேகமாக இறங்குவதால் பள்ளமும் பெரிது. அந்தப் பள்ளத்தை நிரப்பும் கேப் இன்சூரன்ஸ் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாக எடுங்கள்.

அதற்குப் பதில் பேட்டரிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை நீட்டுவார்கள். வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70% கொள்ளளவுக்குக் கீழே போகாது என்று வாரண்டி கொடுக்கின்றன. மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிற உங்களுக்கு எதற்கு அது?

அப்புறம் திருப்பிக் கொடுக்கும் நாள். முதல் வண்டியில் நான் அவமானப்பட்டேன் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்). வந்தவர் கையில் ஒரு கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் அட்டை, அதில் வட்டங்கள். ஒவ்வொரு கீறலின் மேலும் அதை வைத்து, வட்டத்துக்குள் அடங்கினால் தாண்டிப் போவார், அடங்காவிட்டால் குறித்துக்கொள்வார். கதவெல்லாம் தப்பித்தது, வலது பக்கச் சக்கரத்தின் விளிம்பு நடைபாதையில் உரசியது மட்டும் மாட்டியது. கடைசியாக டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்து "கேபிள் எங்கே சார்?" என்றார். வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிளை எப்போதோ உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், எனக்கு நினைவே இல்லை. புதுக் கேபிளின் முழு விலையும் பில்லில் ஏறியது. டயரும் அப்படித்தான், வண்டி கனம், முடுக்கம் அதிகம், பெட்ரோல் வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். டயரின் வரிப்பள்ளத்தில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழத்தைவிட அதிகம் சில லீஸ் கம்பெனிகள் கேட்கின்றன.

மின்கார்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. கிலோமீட்டர் பற்றி ஒரே ஒரு கேள்வி. அலுவலகம் போய்வர தினமும் 45, மாதம் 26 நாள். 15,000 போதுமா, இல்லை 10,000 போட்டுத் தவணையைக் குறைக்கவா?

மூணாவது_வண்டி:

அலுவலகத்துக்கே 14,000 வந்துவிட்டது, 10,000 எப்படிப் போடுவீர்கள்? மின்கார் வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் அதிகமாகத்தான் ஓட்டுகிறோம், பெட்ரோல் போட வேண்டாமே என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வண்டி வெளியே. 20,000-க்கு என்ன தவணை என்று கேளுங்கள். கூடுதல் கிலோமீட்டரை இப்போதே வாங்கினால் பொதுவாக மலிவு, கடைசியில் கணக்குப் பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் தண்டம்தான்.

மின்கார்_புதுசு (மூன்று நாள் கழித்து):

போய்விட்டு வந்தேன். உட்கார்ந்ததும் "மாதம் எவ்வளவு" கேள்வி வந்தது, விலையை முதலில் பேசலாம் என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பக்கத்து ஷோரூமின் கொட்டேஷனை மின்னஞ்சலில் வாங்கி வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். 30,000-லிருந்து 28,500-க்கு வந்தார்கள், அதற்குக் கீழே ஒரே கறார். அடிப்படை வட்டியா என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை, ஆனால் அடுத்த தாளில் 0.0025 என்பது 0.0023 ஆகியிருந்தது. 36 மாதம், எஞ்சிய மதிப்பு அதே 15,000, மாதம் 475. மூன்று நாள் முன்னால் நான் குதித்துக்கொண்டிருந்த 469-ஐவிட 6 அதிகம்! வீட்டில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இது 15,000 கிலோமீட்டருக்கு. 20,000 வேண்டும் என்றேன், புதுத் தாள் நாளை அனுப்புகிறார்களாம். கேப் இன்சூரன்ஸ் உள்ளேயே இருக்கிறது. பேட்டரித் திட்டத்தையும் பெயின்ட் பூச்சுத் திட்டத்தையும் அடித்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:

13,500 ÷ 36 = 375. 43,500 × 0.0023 = 100.05. சரியாக இருக்கிறது. வண்டி அதிகம் ஓடும் என்பதால் நாளை வரும் தாளில் எஞ்சிய மதிப்பு மட்டும்தான் இறங்க வேண்டும், விலையும் வட்டியும் அதேதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூணாவது_வண்டி:

டயர் ஆழம் எவ்வளவு கேட்கிறார்கள்?

மின்கார்_புதுசு:

கேட்க மறந்துவிட்டேன். ஆனால் ஷோரூமில் நின்ற வண்டியின் டிக்கிப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கேபிள் இருக்கிறது. வண்டி எடுக்கும் நாளில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.