ஹெட்லைட்டுக்கு ஸ்மோக் டின்ட்: ஃபில்மா, ஸ்ப்ரேயா?

வெள்ளவத்தை ஸ்விஃப்ட்:
2013 ஸ்விஃப்ட், ஹலோஜன், எச்4 பல்ப். ஹெட்லைட்டுக்கு ஸ்மோக் லுக் குடுக்கப் போறன். பஞ்சிகாவத்தையில ஸ்ப்ரே டின்னும் இருக்கு, ரோல் ஃபில்மும் இருக்கு. எது நல்லது? லென்ஸ் மேல்பக்கம் கொஞ்சம் மஞ்சளாகிட்டுது. மாதத்தில ஒருக்கா இரவில ஏ9 ரோட்டில ஓடுறனான், வெளிச்சம் குறையுமெண்டு யோசனையா இருக்கு.

கொட்டாஞ்சேனை டிடெய்லிங்:
ஸ்ப்ரே வேணாம் தம்பி. லென்ஸ் கண்ணாடி இல்ல, பொலிகாபனேட். ஸ்ப்ரேய எடுக்கணும்னா தேய்க்கத்தான் வேணும், தேய்ச்சா கம்பனி போட்ட யூவி கோட்டிங்கும் சேர்ந்து போயிரும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் மூணும் லென்ஸ்ல நூல் நூலா வெடிப்பு விழவைக்கும். ஃபில்ம்னா சூடாக்கி உரிச்சிரலாம்.

எவ்வளவு கறுப்பு வேணும்ங்கிறதுலதான் நிறையப் பேர் பிழை விடுறாங்க. பகல்ல பார்க்கிறப்போ வெளிச்சம் ஃபில்ம்குள்ள போய், ரிஃப்ளெக்டர்ல பட்டு, திரும்ப ஃபில்ம் வழியாவே வருது. 70 சதவீதம் விடுற ஃபில்ம்னாலும் வெளியில நிக்கிறவருக்கு 49 சதவீதமாத்தான் தெரியும். பல்ப் வெளிச்சம் ஒரே தடவைதான் ஃபில்மைத் தாண்டுது, அதனால ரோட்டுக்கு 70 சதவீதம் கிடைக்கும். முன்னாடி 100 மீட்டர்ல கிடைச்ச வெளிச்சம் இப்ப ஏறக்குறைய 84 மீட்டர்லதான். 35 சதவீத ஃபில்ம்னா அது 59 மீட்டர். இரவுல ஏ9ல மாடு படுத்திருக்கும், அதுக்கு அந்த 59 பத்தாது. லைட் ஸ்மோக்குக்கு, அதாவது அந்த 70 சதவீத ஃபில்முக்கு, மேல கறுப்பாப் போகாதீங்க.

ஒட்ட முன்னாடி மஞ்சளை எடுங்க. மேலே பொடிபொடியா இருந்தா பசை பிடிக்காது, ஸ்மோக்குக்குக் கீழ மஞ்சள் இருந்தா பழுப்பாத் தெரியும். வோட்டர் பேப்பர் 800, 1500, 2000, 3000 வரிசையா, தண்ணி விட்டுத் தேய்ங்க, பிறகு கொம்பவுண்ட் போட்டுப் பொலிஷ் பண்ணுங்க. கடைசியா ஐசோபுரோப்பைல் அல்கஹோல்ல துடைங்க. இதுல பழைய கோட்டிங் போயிரும், அதனால யூவி தாங்குற டீபீயூ (ரப்பர் மாதிரி இழுபடுற பிளாஸ்டிக்) ஃபில்ம் எடுங்க. மலிவான பீவீசீ வெயில்ல விறைச்சு ஓரம் கிளம்பும்.

அரை லீட்டர் தண்ணிக்கு மூணு நாலு துளி பேபி ஷாம்பு போதும், கூடினா பசை வழுக்கிக்கிட்டே இருக்கும். லென்ஸ், ஃபில்ம் ரெண்டையும் நனைச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தண்ணிய வழிச்சுத் தள்ளுங்க. வளைவுல ஹீட் கன் காட்டி மெதுவா இழுங்க. குளிரா இழுத்தா ஒரு வாரத்துல சுருங்கித் திரும்பும். ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் உள்ள விட்டு வெட்டுங்க, கத்தி லென்ஸ்ல படக்கூடாது. கொழும்பு வெயில்ல மத்தியானம் செஞ்சா தண்ணி உடனே காஞ்சு ஃபில்ம் அந்த இடத்துலயே ஒட்டிரும், காலையில நிழல்ல வைச்சுச் செய்யுங்க. ரெண்டு நாளைக்குக் கழுவ வேணாம்.

சிக்னல் லைட் அதே கூட்டுக்குள்ளதான் இருக்கு. அந்தப் பகுதிய ஃபில்ம்ல வெட்டி எடுத்திருங்க, இல்லாட்டி பகல்ல சிக்னல் போட்டது எதிர்ல வாறவருக்குத் தெரியாது.

வெள்ளவத்தை ஸ்விஃப்ட்:
விளங்குது அண்ணா. குறையிற வெளிச்சத்துக்கு எல்ஈடி பல்ப் போட்டால்?

கொட்டாஞ்சேனை டிடெய்லிங்:
வேணாம். அந்த ரிஃப்ளெக்டர் எச்4 இழை இருக்கிற இடத்துக்குன்னே கணக்குப் பண்ணிச் செஞ்சது. எல்ஈடி சிப் அதே புள்ளியில உக்காராட்டி வெளிச்சம் சிதறி எதிர்ல வாறவர் கண்ணுல அடிக்கும், தூரத்துக்கும் போகாது. நல்ல 60/55 வொட் ஹலோஜன் போதும்.

கொக்குவில் கராஜ்:
வெளிச்சம் கொஞ்சமும் குறையக்கூடாதெண்டால் உள்ளுக்குக் கறுப்படியுங்கோ, ரிஃப்ளெக்டரைச் சுத்தி இருக்கிற அலங்காரச் சட்டத்துக்கு மட்டும். வெளியில ஒண்டும் ஒட்டுறேல்லை, பொலிஸ் மறிச்சாலும் லென்ஸ் தெளிவாத்தான் இருக்கும்.

முதல்ல ஓரத்துப் பசையை ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாருங்கோ. சூயிங்கம் மாதிரி இழுபட்டால் அது பியூட்டைல் எண்ட ரப்பர் பசை, சூட்டில திறக்கும். கல்லு மாதிரி எண்டால் விட்டிடுங்கோ, லென்ஸ்தான் உடையும். பல்ப், ரப்பர் மூடி, ஸ்க்ரூ, கிளிப் எல்லாம் கழட்டி, ஹெட்லைட்டைப் பேக்கிங் அவனில பலகைக்கு மேல 110 பாகை செல்சியஸில 8 நிமிசம் வைச்சு, சூட்டோட லென்ஸைப் பிரிச்சு எடுங்கோ. சட்டத்தை 600 பேப்பரால உரஞ்சி, பிளாஸ்டிக் பிரைமர், பிறகு சாட்டின் கறுப்பு மெல்லிசா மூண்டு தரம். ஒரு முழு நாள் காயவேணும். அவசரப்பட்டு மூடினால் பல்ப் சூட்டுக்குப் பெயின்ட் ஆவி லென்ஸ் உள்பக்கம் படிஞ்சிடும். ரிஃப்ளெக்டரைத் துணியாலயும் தொடாதேங்கோ, அந்த அலுமினியப் பூச்சு துடைச்சாலே போயிடும்.

மூடேக்க பழைய பசையைச் சுரண்டிப்போட்டுப் புதுப் பியூட்டைல் வையுங்கோ. வினாகிரி மணக்கிற சிலிக்கன் வேண்டாம், அதின்ர ஆவி ரிஃப்ளெக்டரை அரிக்கும். பின்னால இருக்கிற காத்துத் துவாரத்தை அடைச்சுப்போடாதேங்கோ, கொழும்பு ஈரக்காத்துக்கு உள்ளுக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும். காரில பூட்ட முன்னம் ஐஞ்சு நிமிசம் குழாய்த் தண்ணி அடிச்சுப் பாருங்கோ.

பூட்டின பிறகு சமதரையில சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிப்பாட்டி டிம் போடுங்கோ. வெளிச்சத்தின்ர மேல்கோடு பல்ப் உயரத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழ விழவேணும்.