மதுரைக்காஞ்சியை வைத்து ஒரு கட்டுரை: எந்த இடத்தில் பிடிப்பது?

சுங்கை சிப்புட் வாசகி

வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் "இலக்கியத்தில் மதுரை" என்று ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். 1500 சொல், 20 நிமிடம். கேட்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்றவர்கள். மீதி மலேசியாவின் எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள். மதுரைக்காஞ்சி, பரிபாடல், சிலப்பதிகாரம் மூன்றையும் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். முதல் வரைவு வீதி, அங்காடி, கோயில், விழா என்று பிரிந்து வெறும் பட்டியலாக நிற்கிறது.

மூன்றையும் எடுக்கலாமா, ஒன்றோடு நிறுத்தலாமா? உரை இல்லாமல் மூலத்தை மட்டும் வைத்து எழுத முடியுமா? நடுவில் மீனாட்சியம்மன் கோயில், மாசி வீதிப் படங்களைத் திரையில் காட்டலாமா?

ஏட்டுச்சுவடி

20 நிமிடத்துக்கு மூன்று நூல் தாங்காது. மதுரைக்காஞ்சியை முதன்மையாக வையுங்கள். பரிபாடலிலிருந்து ஓர் இடம் போதும். சிலம்பை இந்த முறை விட்டுவிடுங்கள். கோவலன் நகர் சுற்றும் ஊர்காண் காதை தனிக் கட்டுரைக்கு உரியது.

மதுரைக்காஞ்சி 782 அடி, பத்துப்பாட்டிலேயே நீளமானது. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடியது. முழுவதும் நகர வருணனை என்று நினைத்து முதல் அடியிலிருந்து குறிப்பெடுக்கத் தொடங்குவார்கள்; பாதியில் களைத்துப் போவார்கள். முன்பகுதி அரசனின் போரும் பாண்டி நாட்டின் ஐந்திணையும். நகரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வந்தபின் பொழுதைப் பிடித்துக்கொண்டு போகிறது: பகல், அந்தி, யாமங்கள், விடியல். உங்கள் வரைவு பட்டியலானதற்குக் காரணம், நேரமாக ஓடும் பாட்டை இடமாகப் பிரித்ததுதான்.

என் யோசனை, ஒலியை மட்டும் எடுங்கள். நகரப் பகுதியை அச்செடுத்து, ஓசையைச் சொல்லும் சொல் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள்: கம்பலை, இயம்ப, முழங்க, கறங்க. பிறகு ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள். அடி எண், எந்தப் பொழுது, ஒலி எழுப்புவது யார், எதற்கு உவமை. நான்காவது பத்தியில்தான் கட்டுரை கிடைக்கும்.

இரண்டு இடத்தை மட்டும் சொல்கிறேன். பகல் சந்தை முடியும் இடத்தில் "நாளங்காடி நனந்தலைக் கம்பலை" என்று வரும். இரவுச் சந்தை முடியும் இடத்தில் "அல்லங்காடி அழிதரு கம்பலை". இரண்டையும் ஒரே சொல்லில் முடித்திருக்கிறார், உவமைகளோ வேறு. பகல் சந்தையின் இரைச்சல் ஏழாம் நாள் அந்தியின் திருவிழா ஆரவாரம். அங்கே குவியும் பொருள் "கொளக்கொளக் குறையாது தரத்தர மிகாது". அதற்கு உவமை மழை முகந்தாலும் குறையாத, ஆறு புகுந்தாலும் மிகாத கடல். இரவுச் சந்தைக்கு வந்தால், கப்பல் சரக்கிறக்கும் பட்டினத்து ஓசையும், கடல் ஓதம் கழிக்குள் பாயும் நள்ளிரவில் பறவைகள் எழுப்பும் ஒலியும் உவமையாகின்றன. மதுரையோ வைகைக்கரை ஊர், கடல் அங்கே இல்லை. ஆனாலும் புலவர் சந்தைக்குள் நின்றுகொண்டு கடலைத்தான் கேட்கிறார். இதைப் பிடித்தீர்கள் என்றால் 1500 சொல்லும் தானாக வரும்.

உரை கட்டாயம் வேண்டும். பழைய உரைகாரர் நச்சினார்க்கினியரை நேரே எடுக்காதீர்கள். அவர் எங்கோ இருக்கும் அடியின் சொல்லைத் தூக்கி வேறோர் அடியோடு கூட்டிப் பொருள் சொல்வார். பழகாதவர்களுக்கு எந்த அடிக்கு எந்தப் பொருள் என்பதே குழம்பிவிடும். பொ.வே. சோமசுந்தரனாரின் கழக உரையில் தொடங்குங்கள். ஐயம் வந்த இடத்தில் மட்டும் பழைய உரையைப் பாருங்கள்.

கூடல்வாசி

படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக இன்று நாம் பார்க்கும் வீதி அமைப்பு நாயக்கர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு உருப்பெற்றது. இன்றைய கோபுரங்களும் சங்கப் பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அந்தப் படம் திரையில் இருக்கும்போது நீங்கள் மதுரைக்காஞ்சியை வாசித்தால், பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கித் தேர்விலும் அப்படியே எழுதுவார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று பரிபாடலில் இருக்கிறது. மதுரையைத் தாமரைப் பூவுக்கு ஒப்பிடும் பாட்டு. பூ ஊர், இதழ்கள் தெருக்கள், நடுவில் உள்ள பொகுட்டு "அண்ணல் கோயில்". பார்த்தவுடன் மீனாட்சியம்மன் கோயில் என்று எழுதிவிடுகிறார்கள். அது பாண்டியன் அரண்மனை. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. அந்த ஒரு சொல் தவறினால் கட்டுரையின் வரைபடமே மாறிப்போகும்.

கீழடியையும் இழுக்காதீர்கள். 2015 முதல் அங்கே நடக்கும் அகழாய்வு அருமையானது, ஆனால் அது மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள வேறோர் இடம். பாட்டில் வரும் அங்காடிக்கு அங்கே கிடைத்த பானை ஓட்டைச் சான்றாக வைக்க முடியாது.

பெரட்டுக்களம்

ஏட்டுச்சுவடி சொன்ன ஒலி வழியே சரி. அதில் எனக்குப் பிடித்த இடம் விடியல். நீங்கள் பரிபாடலிலிருந்து எடுக்க வேண்டிய ஓர் இடமும் இதுதான். மேலே சொன்ன அதே தாமரைப் பாட்டு, "கோழியின் எழாது எம் பேரூர் துயிலே" என்று முடிகிறது. சேரன் வஞ்சியும் சோழன் உறையூரும் கோழி கூவித்தான் விழிக்கின்றன, எங்கள் மதுரை நான்மறை ஓதும் குரல் கேட்டு விழிக்கிறது என்கிறார் புலவர். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. குத்தல் அங்கேதான் இருக்கிறது.

இப்போது மதுரைக்காஞ்சியின் விடியலுக்கு வாருங்கள். அங்கேயும் அந்தணர் வேதம் பாடுகிறார்கள். கூடவே "பொறிமயிர் வாரணம் வைகறை இயம்ப" என்று சேவலும் கூவுகிறது! அன்னம் கரைகிறது, மயில் அகவுகிறது, களிறு முழங்குகிறது.

இங்கே தவறான வழியில் போகிறவர்கள் அதிகம். எது உண்மை, மதுரையில் கோழி இருந்ததா இல்லையா என்று ஆராய்வார்கள். தேவையில்லை. ஒரு பாட்டு மூவேந்தர் தலைநகரங்களை எடை போட்டுத் தன் ஊரை உயர்த்துகிறது, அதனால் கோழியைத் தள்ளுகிறது. இன்னொன்று விடிகாலையின் ஒலிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது, அதனால் கோழியைச் சேர்க்கிறது. ஒரே ஊரைப் பற்றிப் பேசினாலும் நோக்கம் வேறு. பிள்ளைகளுக்கு இலக்கியத்தை எப்படி வாசிப்பது என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் விடியற்காலைப் பெரட்டு மணிக்கு எழுந்தவர்கள். ஓர் ஊரை எந்த ஒலி எழுப்புகிறது, அதை அடிப்பது யார் என்பது அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத கேள்வி. முதல் பத்தியில் மூன்று வரி அதற்குக் கொடுங்கள். அல்லங்காடிக்கும் அப்படித்தான், பாசார் மாலாம் (நம் ஊர் இரவுச் சந்தை) என்று ஒரு சொல் போதும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஒப்பீடு நீண்டால் மதுரை காணாமல் போகும்.

நேரக் கணக்கு: நிறுத்தி வாசித்தால் நிமிடத்துக்கு 80 சொல் போகும். 1500 சொல்லுக்கே 19 நிமிடம் ஆகிவிடும். செய்யுளை இரண்டு முறை வாசிக்க வேண்டும், முதல் முறை சீர் பிரிக்காமல், பிறகு பிரித்து. அதற்கு 5 நிமிடம் ஒதுக்கிக் கட்டுரையை 1200 சொல்லுக்குள் முடியுங்கள். மேற்கோள் மொத்தம் 12 அடியைத் தாண்டக்கூடாது.

சுங்கை சிப்புட் வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. படங்களை எடுத்துவிட்டேன். இரண்டு சிக்கல். தாமரைப் பாட்டைப் பரிபாடலின் 22 பாட்டிலும் தேடிவிட்டேன், இல்லை. மதுரைக்காஞ்சி அடி எண்ணும் என் கைப்பேசியில் ஒன்று, உரைநூலில் வேறு.

ஏட்டுச்சுவடி

அது 22-இல் இருக்காது சகோதரி. நூலின் சுவடிகளில் கிடைத்தவைதான் அந்த 22. மற்ற நூல்கள், உரைகள் வழியே கிடைத்த பாட்டும் துண்டுகளும் பின்னால் "பரிபாடல் திரட்டு" என்று தனியாக இருக்கும். அங்கே பாருங்கள். மேற்கோள் காட்டும்போதும் "பரிபாடல் திரட்டு" என்றே எழுதுங்கள். வெறும் பரிபாடல் என்று எழுதினால் தேடுபவர் உங்களைப் போலவே அலைவார்.

அடி எண் மாறுவதற்குக் கைப்பேசித் திரைதான் காரணமாக இருக்கும். நீண்ட அடியை அது மடக்கி இரண்டு வரியாகக் காட்டும், நீங்கள் இரண்டு அடியாக எண்ணுவீர்கள். கோப்பின் கடைசி அடிக்குப் போய்ப் பாருங்கள். 782 வந்தால் கோப்பு சரி, எண்ணியதில்தான் பிழை. வரவில்லை என்றால் தட்டச்சில் எங்கோ அடி விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டுத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகப் பகுதியில் உரையோடு உள்ளதை எடுங்கள். எப்படியானாலும் நீங்கள் காட்டப்போகும் 12 அடியையும் அச்சு நூலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.