எல்லா குவெரிக்கும் லிமிட் கட்டாயமா?

ஈசூன்வாசி:
எங்கள் அலுவலகத்தில் புது விதி: டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் குவெரியாக எந்த செலெக்ட் எழுதினாலும் கடைசியில் லிமிட் 500 (500 வரிக்கு மேல் தராதே) இருக்க வேண்டும். போன வாரம் ஒருவர் லிமிட் இல்லாமல் ஓட்டினார். 800,000 வரிகள் மொத்தமாக மெமரியில் ஏறி, மதியம் முழுக்க ஆப் படுத்துவிட்டது. எனக்கு இந்த விதி சரியென்றே படுகிறது.

ஜூரோங் தம்பி:
சரியே இல்லை அக்கா. நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில், காலாவதியாகப் போகும் சரக்குப் பட்டியல் தினமும் காலையில் அச்சாகும். அந்தக் குவெரியில் யாரோ லிமிட் 500 சேர்த்துவிட்டார்கள். ரேக் எண் வரிசையில் வரும் பட்டியல் அது, அதனால் பின்பக்க ரேக்குகள் ஒரு நாளும் தாளில் வரவில்லை. எரர் எதுவும் கிடையாது. நேற்றும் 500, இன்றும் 500. தீபாவளிக்குத் தேக்கா கடைகளுக்குப் போக வேண்டிய முறுக்கு மாவைப் பிரித்தால் உள்ளே வண்டு. ஆப் படுத்தால் பத்துப் பேர் கத்துவார்கள், இதற்கு யார் கத்துவார்?

ஈசூன்வாசி:
அது ரிப்போர்ட், தம்பி. திரையில் காட்டும் பட்டியலை 500 வரிக்கு மேல் யார் உருட்டிப் பார்க்கிறார்கள்?

ஜூரோங் தம்பி:
"எந்த செலெக்ட் எழுதினாலும்" என்றுதானே விதி?

பிடோக் மணி:
இன்னொன்றையும் பாருங்கள். ஆர்டர் பை (எந்த வரிசையில் வேண்டும் என்று சொல்வது) இல்லாத லிமிட்டில் எந்த 500 வரும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆர்டர் பை போட்டாலும், வரிசைப்படுத்தும் அந்த நெடுவரிசைக்கு (column) இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னால் இருப்பது போன்ற தேடல் அட்டவணை, இல்லையென்றால் டேட்டாபேஸ் முழு டேபிளையும் படித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் ஆப் பிழைக்கும், டேட்டாபேஸின் வேலை பெரிதாகக் குறையாது. பழைய ஆரக்கிள் டேட்டாபேஸில் நானே சூடுபட்டவன்: அங்கே லிமிட்டுக்குப் பதில் ரோநம் என்ற வரி எண், அது வரிசைப்படுத்தும் முன்பே விழுந்துவிடும். சம்பளத்தில் முதல் 10 பேரைக் கேட்டேன், கிடைத்தது யாரோ 10 பேர், அழகாக வரிசைப்படுத்தி! சப்குவெரிக்குள் (குவெரிக்குள் ஒரு குவெரி) வரிசைப்படுத்தி வெளியே ரோநம் போட வேண்டியிருந்தது. ஆரக்கிள் 12சி பதிப்பு வந்த பிறகுதான், லிமிட் போலவே வேலை செய்யும் ஃபெட்ச் ஃபர்ஸ்ட் கிடைத்தது.

ஈசூன்வாசி:
மணி அண்ணன் சொல்வது புரிகிறது. ஆனாலும் எல்லையே இல்லாமல் விட நான் சம்மதிக்க மாட்டேன். 501 கேட்போம். 501ஆவது வரி வந்தால் "இன்னும் இருக்கிறது" என்று சிவப்பில் காட்டுவோம்.

ஜூரோங் தம்பி:
திரைக்கு அது போதும். அடுத்த பக்கத்துக்கு மட்டும் ஆஃப்செட் (இத்தனை வரிகளைத் தாண்டிவிட்டுக் கொடு) வேண்டாம் அக்கா, தாண்டும் வரிகளையும் அது படித்துத்தான் தள்ளும். ஐடி வரிசையில் எடுத்து, கடைசியாக வந்த வரியின் ஐடிக்கு (அடையாள எண்) மேல் என்று கேளுங்கள். காலைப் பட்டியலுக்கு லிமிட் போட மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.