மறு: ஓவியம் கைமாறிய கதைக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். 'ப்ராவனன்ஸ்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னால்ஃபினி இணையர் ஓவியம் யார் யார் கையில் இருந்தது என்ற பட்டியல் அது. 1516இல் ஆஸ்திரியாவின் மார்கரெட்டிடம், அப்புறம் ஸ்பெயின் அரச குடும்பத்திடம், 1842 முதல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில். 'உரிமை வரலாறு' என்று போட்டுவிட்டேன். சரிதானே?

---

> உரிமை வரலாறு

சரியில்லை. 1794இல் மாட்ரிட் அரண்மனையில் இருந்த படம், 1816இல் லண்டனில் ஜேம்ஸ் ஹே என்ற ஸ்காட்லாந்துப் படையதிகாரியிடம் இருக்கிறது. வாட்டர்லூவில் காயம்பட்டு பிரசல்ஸில் படுத்திருந்தபோது அறைச் சுவரில் இதைப் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கினாராம். 1813இல் ஸ்பெயினின் விட்டோரியாவில், அந்நாட்டு அரசராக இருந்த நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட்டின் மூட்டைமுடிச்சுகளைப் பிரிட்டிஷ் படை சூறையாடியதையும் சேர்த்துப் பாருங்கள். கையில் இருந்தது, உரிமை இருந்ததா? 'கைமாறு வரலாறு' என்க.

---

'கைம்மாறு வேண்டா கடப்பாடு' படித்தவன் இதைப் பதிலுதவியின் வரலாறு என்றல்லவா நினைப்பான்? ஒற்றை விட்டு எழுதினாலும் மெய்ப்புப் பார்ப்பவர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். 'கைமாற்று' என்றாலோ மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் வாங்குவது. 'கைவழி' போதும். வழிவழி என்பதுபோல, கைவழி கைவழியாக வந்தது.

---

ஐயா, புறநானூறு 149இல் கைவழி என்றால் யாழ்! மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் வாசித்துப் பாணர்கள் முறையை மறந்தார்களே, அந்தப் பாட்டு. செவ்வழி இன்றைய எந்த ராகம் என்பதில் எனக்கொரு கருத்து உண்டு, தனி மடலில் எழுதுகிறேன்.

---

யாழையே காணோம், அதன் பெயரை யாருக்காகக் காவல் காக்கிறோம்? நான் பத்திர எழுத்தர் வீட்டுப் பிள்ளை. 'தாய்ப்பத்திரம்' என்றால் எந்த ஊரிலும் புரியும். 1794க்கும் 1816க்கும் நடுவில் இருப்பதற்கும் எங்களிடம் சொல் இருக்கிறது: வில்லங்கம்.

---

தாய்ப்பத்திரம் ஒரு தாள். நாம் தேடுவது தொடருக்கான பெயர். தாளே இல்லாத கைகளும் அதில் உண்டு.

---

நண்பர்களே, வெள்ளி வந்துவிட்டது. நால்வர் 'உடைமை வரலாறு' என்றீர்கள், அதையே அனுப்பிவிட்டேன். 'வில்லங்கம்' என்று ஓரிடத்தில் எழுதிப் பார்த்தேன், பதிப்பாசிரியர் அடித்துவிட்டார்.

---

> உடைமை வரலாறு

அப்போ ஹே உடையவரா? என் அகராதிக் கோப்பில் கைவழி என்றே ஏற்றிவிட்டேன். யாழ்க்காரர்கள் மன்னிக்கவும்.